இருபத்திரண்டாம் தூண்

பாலத்தில் ஏறிப் பத்தடிகூட வைத்திருக்க மாட்டான், விசில் சத்தம் கேட்டது. இது மூன்றாவது முறை. மஞ்சள் சட்டைக் காவலாளி தன் தகரக் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். முதல் நாள் ஓடி வந்தவர், நேற்று வேகமாக நடந்து வந்தவர், இன்று சொந்தக்காரனை வரவேற்க வருகிறவர் மாதிரி மெல்ல வந்தார்.

"மறுபடியும் நீயா தம்பி? வண்டிக்கு மட்டும்தான்னு இவ்ளோ பெருசா போர்டு போட்டிருக்கே. ஓரத்துல ஒரு சாண் இடம் கிடையாது. அடிச்சுத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"ஒரே ஒரு தடவை சார். இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை. அவ்வளவுதான்."

"அந்தக் கரைக்குப் போகணும்னா பஸ்ல ஏறு. அஞ்சு நிமிஷம்."

"நடந்துதான் போகணும் சார்."

"ஏன், வேண்டுதலா?"

இல்லை என்றால் வேறென்ன என்று கேட்பார். விளக்கத் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். "தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கு சார்" என்றான். காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். செருப்பு இல்லாத காலில் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. "அப்போ ஆஸ்பத்திரிக்குப் போப்பா. பாலத்துல உனக்கு என்ன வேலை?" என்றார். நியாயமான கேள்விதான். அவன் செருப்பைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பினான்.

அவன் தொழில் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று, கிரீஸ் மணக்கும் இருட்டில் மேலே போவதும் கீழே வருவதுமாக இருப்பான். அதனால் நகரத்திலிருக்கும் அவன் சனம் அவனுக்கு வைத்த பெயர் 'மேலகீழ'. ஐந்து நாளாக அவனுக்கு இன்னொரு பெயரும் வந்திருக்கிறது. தங்கை பெண்பிள்ளை பெற்றிருக்கிறாள், இவன் தாய்மாமன் ஆகிவிட்டான். எனவே நாமும் மரியாதையாக மாமன் என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

மாமனுடைய சனம் மலைச் சனம். பிள்ளை பிறந்தால் அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தொப்புள்கொடி காய்ந்து விழுவதற்குள் தாய்மாமன் அதன் காதில் வழி சொல்ல வேண்டும். குலத்தின் ஊற்றில் தொடங்கி, பிள்ளை விழுந்த இடம் வரைக்கும், தாய் எந்த வழியாக வந்தாளோ அந்த வழியில், ஒவ்வோர் இடமாகப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பாட்டில் ஊர்ப்பெயர், தெருப்பெயர் எதுவும் வராது. ஓரிடத்தில் வெறுங்கால் வைத்தால் பாதத்துக்கு என்ன தெரிகிறதோ அதுதான் அந்த இடத்தின் பெயர். 'சருகு நனைந்த சரிவு', 'வெயில் ஏறிய பாறை', 'மண் உள்வாங்கும் ஓடைக்கரை' இப்படி. தன் கால் அறியாத இடத்தை வாய் சொல்லக் கூடாது என்பது சட்டம். ஓரிடம் விட்டுப்போனாலும் வழி அறுந்துபோகும். வழி சொல்லப்படாத பிள்ளையும் வளரும், படிக்கும், சம்பாதிக்கும், பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் நாளை அது தன் குலத்தில் ஒரு பிள்ளைக்கு வழி சொல்ல வாய் திறந்தால், அதற்குத் தொடங்க ஓர் இடம் இருக்காது.

நகரத்துக்கு வந்தவர்களுக்குப் பிறந்த பதினோரு பிள்ளைகளுக்கு யாரும் வழி சொல்லவில்லை. பாட்டு தார் ரோடு வரைக்கும்தான் என்று ஒரு பேச்சு எப்படியோ நிலைத்துவிட்டது. மலையடிவாரத்தில் தார் ரோடு தொடங்கும் இடம் வந்ததும் பாட்டு நின்றுவிடும், அதற்கப்புறம் பஸ்தான். நகரத்துக்கு வந்த சனத்தில் இளவட்டங்கள் நாற்பது பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மொட்டைமாடியில் கூடுவார்கள். கூரியர் போடுகிறவன், துணிக்கடையில் நிற்கிறவள், கல்லூரிக்குப் போகிறவன் என்று எல்லாரும் வந்து அவரவருக்குத் தெரிந்த மலைப் பாட்டைப் பாடி, தப்பாகப் பாடினவனைக் கேலி செய்துவிட்டுக் கலைவார்கள். அப்படி ஒரு ஞாயிறன்றுதான் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள். அவள் வாய்க்குப் பயந்து அந்த மாடியில் யாரும் எதிரே உட்காருவதில்லை. "ரோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்ததெல்லாம் அப்போ ஆகாசத்துலேருந்து குதிச்சதா? பாட்டு நிக்கணும்னு எவன் சொன்னான்? நடக்க ஆள் இல்ல, அதான் நின்னுடுச்சு." அந்த வாரம்தான் தங்கை தனக்கு மூன்று மாதம் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள்.

அவன் நடந்தான். வாரம் ஒரு நாள்தான் விடுமுறை. போன வாரம் விட்ட இடம் வரைக்கும் பஸ்ஸில் போய் இறங்கி, செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அங்கிருந்து தொடங்குவான். முதல் சில வாரங்கள் கால் கொப்பளித்ததுதான் மிச்சம். தார் ரோட்டில் பாதத்துக்கு என்ன தெரியும், சூடு தெரியும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தான். நகரத்துக்குள் வர வர அவனுக்குப் பிரமிப்பு தாங்கவில்லை. ரொட்டிக்கடைச் சுவரை ஒட்டின நடைபாதை விடிகாலையில் வெதுவெதுப்பாக இருந்தது, உள்ளே அடுப்பு. நாற்சந்தி ஒன்றில் நின்றால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை குதிகால் அதிர்ந்தது, பூமிக்கடியில் ரயில். சந்தையின் பின்பக்கம் ஒரு கல் தரை கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது, எத்தனை காலம் எத்தனை மூட்டைகளை அதன்மேல் இழுத்தார்களோ. ஒன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறான், ஆனால் அவன் கால் இந்த ஊரைத் தொட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருந்தது. ஊற்றிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் நடுவில் எங்கேயும் தரை முடிந்து வேறு தரை தொடங்கவில்லை. மலை ஒன்று, நகரம் ஒன்று என்று வாய்தான் சொல்லிக்கொண்டிருந்தது. காலுக்கு அது ஒரே தரை.

ஒவ்வொரு வாரமும் கட்டிய வரிகளைப் பாடி போனில் அனுப்புவான். உடனே நாற்பது பேரும் நீதிபதி ஆகிவிடுவார்கள். "அந்த இடத்துல இப்போ குழி தோண்டிட்டான்டா, வரியை மாத்து" என்பான் கூரியர்காரன். "நீ ரோட்டைச் சொல்றியா, உன் காலைச் சொல்றியா?" என்பாள் நர்சிங்காரி. தங்கையின் கணவன் நகரத்துக்காரன், டாக்சி ஓட்டுகிறவன். அவனுக்கு இந்தச் சனத்தின் பாஷை அரைகுறையாகத்தான் புரியும், ஆனால் கேலிக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. "மச்சான், உங்க சாமிக்கு கால் மட்டும்தான் தெரியுமா? டயரும் தரையிலதானே படுது?" என்பான். சொல்லிக்கொண்டே வெயில் நாட்களில் தண்ணீர் பாட்டிலோடு மாமனுக்குப் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தவனும் அவன்தான். எட்டாவது மாதத் தொடக்கத்தில் பாட்டு தங்கை வீட்டைக் கடந்து, அவள் பிரசவத்துக்குப் பதிந்திருந்த ஆஸ்பத்திரியின் வாசல் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

நாம் ஒன்று நினைக்க அது ஒன்று நடக்கும். பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தது. பதிந்திருந்த ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, எங்களிடம் இதற்கு வசதி இல்லை என்று ஆம்புலன்ஸில் ஏற்றி அக்கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் புதுப் பாலத்தில் போனது. திறந்து ஒரு மாதம்கூட ஆகாத பாலம், நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர், கீழே உப்பங்கழி. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த மட்டும் பெரிய பாக்கியம். ஆனால் வழி அந்தப் பாலத்தின்மேல் போய்விட்டது. கழியைச் சுற்றிப் போகும் பழைய ரோட்டில் நடக்கலாம்தான். ஆனால் தாய் வந்தது அந்த வழியாக இல்லையே. மாமன் பாலத்தின் இந்த முனை வரைக்கும் நடந்தான், அந்த முனையிலிருந்து ஆஸ்பத்திரி வார்டு வரைக்கும் நடந்தான். நடுவில் உள்ளதற்குத்தான் மூன்று நாளாக விசில் வாங்கிக்கொண்டிருந்தான். இன்று காலை பிள்ளையைக் குளிப்பாட்டிய செவிலியர், கொடி நூலில் தொங்குகிறது, இன்றோ நாளையோ விழுந்துவிடும் என்று சொல்லியிருந்தார்.

காவலாளி திருப்பி அனுப்பிய பிறகு மாமன் ஒரு காரியம் செய்தான். தங்கை கணவனுக்குப் போன் போட்டு வண்டியை வரச் சொன்னான். பாலத்தின் இடது ஓரமாக முடிந்தவரை மெதுவாக ஓட்டச் சொல்லி, ஜன்னலை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டித் தரையைப் பார்த்துக்கொண்டே போனான். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. காற்று கண்ணில் அறைந்தது. இரும்பு இணைப்புகள் மேல் டயர் ஏறும்போதெல்லாம் எழுந்த சத்தத்தை எண்ணிக்கொண்டான். அக்கரை வருவதற்குள் ஆறு வரிகள் கட்டிவிட்டான். நல்ல வரிகள்தான், கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. தங்கை கணவன் ஒன்றும் கேலி செய்யாமல் ஓட்டினான். மத்தியானம் நர்சிங்காரி போனில் கேட்டாள். "பாலம்?"

"ஆச்சு" என்றான் மாமன். அவள் எப்படி என்று கேட்கவில்லை.

வழி சொல்லும்போது மூன்று பேர் வேண்டும். சொல்கிற மாமன், கேட்கிற பிள்ளை, மூன்றாவதாக வேறு குலத்தைச் சேர்ந்த ஒருவர். அவருக்குக் காது என்று பெயர். ஒவ்வோர் இடத்தையும் மாமன் சொன்னபிறகு காது 'ம்' என்று சொல்ல வேண்டும். காது 'ம்' சொன்னால்தான் பாட்டு அடுத்த இடத்துக்கு நகரலாம். பெயர்தான் காதே தவிர, அவர் வேலை பார்ப்பது. நடந்து அறிந்தவன் பாடும்போது அவன் கால்விரல்கள் தன்னையறியாமல் அந்தத் தரையைத் தேடி அழுந்தும், அதைக் கவனிக்கத்தான் காது. தாய்க்கு அன்று பேச அனுமதி இல்லை. வழி வந்து சேருகிற ஊர் அவள். ஊர் பேசாது.

மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியது. ஆறு கட்டில் போட்ட வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில் தங்கையுடையது. பக்கத்துக் கட்டில்களில் பழத்தோலும் பிளாஸ்க்குமாக ஒரே சலசலப்பு. இன்றைக்குக் காது நர்சிங்காரிதான். சீருடையோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மாமன் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கினான். தங்கை கணவன் கதவருகே நின்று, வார்டு செவிலியர் வந்தால் பேச்சுக் கொடுப்பதற்குத் தயாராக இருந்தான்.

பாட்டு அவர்கள் பாஷையில் இருக்கும். நான் நம் பேச்சில் சொல்கிறேன். 'ஊற்று, பாசிக் கல், குளிர்ச்சி' என்று மாமன் தொடங்கினான். "ம்" என்றாள் காது. 'வேர் புடைத்த ஏற்றம்.' "ம்." மெல்லத்தான் பாடினான். முதலில் பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்க்க வந்தவர்கள் பேச்சைக் குறைத்தார்கள். மலையை இறங்கி, பாட்டு தார் ரோட்டை வந்து தொட்டது. இத்தனை காலம் நின்ற இடம். மாமன் 'கரி மணக்கும் சூடு' என்று காலை எடுத்து வைத்தான். காது அவன் கால்விரலைப் பார்த்தாள். "ம்" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. அவள் கண் கலங்கியிருந்தது. பாட்டு முதல்முறையாக நகரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. ரொட்டிக்கடையின் வெதுவெதுப்பு வந்தது, ரயிலின் அதிர்வு வந்தது, சந்தைக் கல் வந்தது, தங்கையின் வீட்டுப் படி வந்தது, முதல் ஆஸ்பத்திரியின் மணல் கொட்டிய வாசல் வந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளை கண்ணைத் திறந்தபடி கிடந்தது.

பிறகு பாலம் வந்தது. மாமன் கட்டிவைத்த முதல் வரியை எடுத்தான். 'காற்று அடிக்கும் ஏற்றம், இரும்புப் பல்.' குரல் சரியாகத்தான் வந்தது. ஆனால் ஸ்டூலுக்கு அடியில் அவன் பாதங்கள் இரண்டும் கழற்றிப்போட்ட செருப்பு மாதிரி அசையாமல் கிடந்தன. அவனுக்கே அது தெரிந்தது. காது அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ம்' வரவில்லை. அவன் வரியை இன்னொரு முறை சொன்னான். விரல்களை வேண்டுமென்றே அழுத்தப் பார்த்தான். பொய்க்கு அழுத்துகிற விரல் எப்படி இருக்கும் என்று காதுக்குத் தெரியாதா? அவள் தலை நிமிரவில்லை.

"மேலகீழ" என்றாள் மெதுவாக. "கால் வெச்சியா?"

மாமன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தான். பிறந்து ஐந்தே நாளான காதில் ஒரு பொய்யை ஊற்றப் போனோமே என்று உடம்பெல்லாம் கூசியது. வழி அறுந்துவிட்டது. நாற்பது பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். பதினோரு பிள்ளைகளோடு இது பன்னிரண்டாவது. "இல்ல" என்றான். "வண்டியில போனேன்."

வார்டில் யாரோ கரண்டியைக் கிண்ணத்தில் போடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் கட்டிலிலிருந்து அந்தக் குரல் வந்தது. 'முதல் தூண். ஈரத் தளம். சிமெண்ட் கடிக்கும்.'

தங்கை கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள். அவள் கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். இரண்டு வருஷம் அவள் வேலை பார்த்தது அந்தப் பாலத்தில்தான். தளம் போட்ட இடத்தில் சாக்கு விரித்து, நாளெல்லாம் நடந்து நடந்து அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஐந்தாவது மாதம் வயிறு தெரிந்து மேஸ்திரி வேண்டாமென்று சொல்லும்வரை போனாள். இது அண்ணனுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். நர்சிங்காரிக்கும் தெரியும். ஆனால் ஊர் பேசாது என்று அத்தனை பேர் மனதிலும் அப்படி ஊறிப்போயிருந்ததால், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள். பாலம் திறந்து வண்டிகள் வந்த பிறகுதான் அதன்மேல் யாரும் நடக்கக் கூடாது. அதற்கு முன்னால் அது நடந்தவர்களுடைய பாலம்.

மாமன் திகைத்துப்போய்த் தங்கையைப் பார்த்தான், பிறகு காதைப் பார்த்தான். நர்சிங்காரியின் முகம் வெளுத்திருந்தது. தாய் வாய் திறந்த வழியை எந்தக் காதும் இதுவரை ஏற்றதில்லை. அவளுக்கு இருபத்தொரு வயது. மலையில் இருக்கும் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். அவள் கட்டிலின் விளிம்பைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே தங்கையின் இரண்டு பாதங்களும் நீட்டிக்கொண்டிருந்தன. சிமெண்ட் தின்ற பாதங்கள், குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்தக் கால்விரல்கள் பத்தும் காற்றில் ஒரு தரையைத் தேடி மெல்ல அழுந்திக்கொண்டிருந்தன.

"ம்" என்றாள் காது.

'மூன்றாம் தூண். சாக்கு நனைந்த குளிர்ச்சி.' "ம்." 'ஏழாம் தூண். கம்பி நீட்டிய இடம், விலகி நட.' "ம்." தூண் தூணாக அவள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். குரல் பலவீனமாக இருந்தது, ஆனால் தேடவே இல்லை. ஆயிரம் முறை போய்வந்த வழிக்கு யோசனை எதற்கு? கதவருகே நின்ற கணவன், தினமும் பத்துத் தடவை அந்தப் பாலத்தைக் கடப்பவன், வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பார்வையாளர் நேரம் முடிந்ததென்று சொல்ல வந்த வார்டு செவிலியர் அவன் பக்கத்திலேயே நின்றுவிட்டார். மற்றக் கட்டில்களில் யாருக்கும் ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் ஐந்து தாய்மாரும் அசையவில்லை. நாற்பது பேர் சேர்ந்து இந்தப் பாட்டை நகரத்துக்குள் கொண்டுவரப் பாடுபட்டோம் என்று மாமன் நினைத்துக்கொண்டிருந்தான். இவள் ஒருத்தி பாட்டுக்குத் தரையே போட்டு வைத்திருக்கிறாள்.

'இருபத்திரண்டாம் தூண்' என்றாள் தங்கை. அதற்கப்புறம் கொஞ்சம் நின்றாள். முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. 'இருபத்திரண்டாம் தூண். வெயில் சாயும் பக்கம். குடத்தை இறக்கி வைத்தேன். இங்கே என் வயிற்றுக்குள் நீ முதல்முறை கால் வைத்தாய்.'

காது 'ம்' சொல்ல வாய் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். அந்தக் கால் தாயின் கால் இல்லை, மாமனின் கால் இல்லை. பார்க்க வேண்டிய கால் வேறு. அவள் எழுந்து ஸ்டூல் பக்கம் வந்து, மாமன் மடியில் துணி விலகிக் கிடந்த பிள்ளையின் அருகே மண்டியிட்டாள். பிறந்த பிள்ளைகள் எல்லாம் காலை ஆட்டும், அதிலென்ன அதிசயம் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு தரையையும் இன்னும் தொடாத அந்தப் பாதம், உள்ளங்கால் முழுக்கச் சின்னச் சின்ன மடிப்புகளோடு சிவந்திருந்தது. அதன் ஐந்து விரல்களும் விரிந்தன, பிறகு மாமனின் உள்ளங்கையில் மெல்ல அழுந்தின.

அழுந்தியதை அவன் உணர்ந்தான். பாலம் முடிய இன்னும் நான்கு தூண்கள் இருந்தன, அதற்கப்பால் இறக்கம், ஆஸ்பத்திரி வாசல், முப்பத்தாறு படிகள். காது அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.